வைட்சாப்பல் கேலரி: போகும் முன் எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

லண்டனுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்குகிறவர்களை ஒரு நாளாவது கிழக்கு லண்டனில் உள்ள வைட்சாப்பல் கேலரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அதற்கு நான் எதற்கு. ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறியதும் கேள்விகள் ஆரம்பிக்கும், அதுவும் பத்து வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகள். ஒவ்வொரு முறையும் ரயில் சத்தத்தில் கத்திப் பதில் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

இது மியூசியமா, ஓவியக் கடையா?

இரண்டும் இல்லை. 1901இல் திறந்த பொதுக் கலைக்கூடம். இங்கே எதையும் விலை பேசி விற்பதில்லை (உள்ளே இருக்கும் புத்தகக் கடையைத் தவிர), மியூசியம் போல நிரந்தரமாக மாட்டி வைத்த சேகரிப்பும் கிடையாது. கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் அதேதான், ஒவ்வொரு முறையும் வேறு வீட்டுக் கல்யாணம். அதனால் "அங்கே என்ன இருக்கும்" என்று கேட்டால் "எந்த மாதம் போகிறீர்கள்" என்றுதான் திருப்பிக் கேட்க முடியும். சென்ற முறை பார்த்த அறைக்குள் இந்த முறை நுழைந்தால் சுவரே இடம் மாறியிருக்கும்.

டிக்கெட் எவ்வளவு?

கட்டடத்துக்குள் நுழையக் காசு வேண்டாம். பெரும்பாலான கண்காட்சிகளும் இலவசம்தான். வருடத்தில் சில பெரிய கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட் வைப்பார்கள், அப்போதும் மற்ற அறைகள் சும்மாவே திறந்திருக்கும். எங்கள் சித்தப்பா ஒருவர், இலவசம் என்றால் உள்ளே ஏதோ விற்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கடைசிவரை சந்தேகப்பட்டபடியே சுற்றி வந்தார். யாரும் எதையும் விற்கவில்லை. இது அறக்கட்டளையாகப் பதிவான அமைப்பு, இங்கிலாந்துக் கலை மன்றத்தின் பணமும் நன்கொடைகளும்தான் இதை ஓட்டுகின்றன.

எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்?

ஆல்ட்கேட் ஈஸ்ட். வைட்சாப்பல் கேலரி என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று வைட்சாப்பல் ஸ்டேஷனில் இறங்கிவிடாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் இறங்கினேன், என்னோடு வந்தவர்கள் பத்து நிமிடம் முணுமுணுத்தபடியே நடந்தார்கள். கிழக்கிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் வந்தால் வைட்சாப்பலுக்கு அடுத்த ஸ்டேஷன்தான் ஆல்ட்கேட் ஈஸ்ட். சரியான வாசலில் ஏறி வெளியே வந்தால் கேலரி உங்கள் தோளில் இடிக்கும், அவ்வளவு பக்கம்.

ஆனால் ஒன்று. நேரம் இருந்தால் வேண்டுமென்றே வைட்சாப்பலில் இறங்கி நடப்பதும் நல்ல யோசனைதான். 2022 முதல் அந்த ஸ்டேஷன் பெயர் வங்காள எழுத்திலும் இருக்கிறது. வெளியே வந்ததும் ரோட்டோரச் சந்தை. பாகற்காய், முருங்கைக்காய், பெயர் தெரியாத கீரைகள், சேலைத் துணி, போன் கவர், மீன். அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு கேலரிக்குள் போகிறவருக்கும், ரயிலிலிருந்து நேராக உள்ளே நுழைகிறவருக்கும் ஒரே கண்காட்சி வேறு மாதிரிதான் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

என்று, எத்தனை மணிக்குப் போகலாம்?

திங்கள் விடுமுறை. செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை 11 முதல் மாலை 6 வரை, வியாழக்கிழமை மட்டும் இரவு 9 வரை. ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது ஏறும் இடைவெளியில் சில அறைகளை மூடிவைத்திருப்பார்கள், அதனால் கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வியாழன் சாயங்காலம்தான் வசதி. கூட்டமும் வேறு மாதிரி இருக்கும், ஆபீஸ் பையோடு தனியாக வந்து ஒரே படத்தின் முன் இருபது நிமிடம் நிற்கிற ஆட்களை அன்றுதான் பார்க்கலாம்.

முகப்பு ஏன் பாதியில் விட்ட கட்டடம் மாதிரி இருக்கிறது?

நல்ல கண் உங்களுக்கு. உண்மையிலேயே அது நூறு வருடத்துக்கு மேல் பாதியில்தான் நின்றது.

கட்டியவர் சார்ல்ஸ் ஹாரிசன் டவுன்செண்ட். பெரிய வளைவு வாசல், அதுவும் நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தது. மேலே இரண்டு பக்கமும் சுடுமண் பலகைகளில் மரமும் இலைகளும். நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் வால்டர் கிரேன் என்ற ஓவியரின் மொசைக் வருவதாக இருந்தது, காசு இல்லாமல் நின்றுபோனது. 2012இல்தான் ரேச்சல் வைட்ரீட் என்ற சிற்பி அந்த இடத்தில் கைவைத்தார். டவுன்செண்டின் சுடுமண் இலைகளையே அச்செடுத்து, வெண்கலத்தில் வார்த்து, தங்க ரேக்கு ஒட்டி, காற்றில் பறந்து சிதறிய மாதிரி சுவரெங்கும் பதித்தார். கூடவே பழைய கட்டடத்தின் ஜன்னல்களை அச்செடுத்த நான்கு சுடுமண் கட்டிகளும் உண்டு. ஒரு நாள் மாலை நாலு மணி வெயிலில், எதிர்ப்பக்க நடைபாதையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த இலைகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்வது போல மின்னியது. லண்டன் வெயில், ஐந்து நிமிடம்தான் இருந்தது.

பக்கத்து நூலகக் கட்டடத்தின் உச்சியையும் பாருங்கள். ஒருவர் குதிரையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பார், காற்றடித்தால் சுற்றுவார். ராட்னி கிரஹாம் என்ற கலைஞர் செய்த காற்றுதிசைகாட்டி. எராஸ்மஸ் என்ற அறிஞர் குதிரை மேலேயே ஒரு நூலை எழுதி முடித்தார் என்ற கதையை வைத்துச் செய்தது. குழந்தைகளுக்கு உள்ளே இருக்கும் எதையும்விட இதுதான் பிடிக்கிறது.

இவ்வளவு பெரிய கேலரியை ஏன் இந்த ஏரியாவில் கட்டினார்கள்?

ஏழை ஏரியா என்பதால்தான்.

சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியார் 1873இல் இங்குள்ள செயின்ட் ஜூட் தேவாலயத்துக்கு வந்தார். துறைமுக வேலை, தையல் வேலை, ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் என்று இருந்த இடம். 1880களிலிருந்து ரஷ்யப் பேரரசில் நடந்த கொடுமைகளுக்குத் தப்பி யூதர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இங்கேதான் குடியேறினார்கள். பார்னெட்டும் மனைவி ஹென்ரியெட்டாவும் 1881இல் தேவாலயத்துப் பள்ளி அறைகளில் ஓவியங்களை இரவல் வாங்கி மாட்டிக் கண்காட்சி நடத்தினார்கள். வருடா வருடம் ஈஸ்டர் சமயத்தில் இது தொடர்ந்தது. உழைக்கும் ஜனங்களுக்கு லீவு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் திறந்தார்கள், ஓய்வுநாளில் என்ன படம் வேண்டிக்கிடக்கிறது என்று மதப் பற்றாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். கூட்டம் வந்துகொண்டே இருந்ததால் நிரந்தரமாக ஒரு கட்டடம் வேண்டும் என்று பணம் திரட்டி 1901 மார்ச்சில் இதைத் திறந்தார்கள்.

பார்னெட் தம்பதியை நான் முழுசாகக் கொண்டாட மாட்டேன். நல்ல படத்தைப் பார்த்தால் ஏழைகளின் குணம் திருந்தும் என்ற எண்ணம் அதில் இருந்தது. மேலே இருந்து கீழே பார்க்கும் பார்வைதான். ஆனால் வாசலில் படிக்கட்டு வைக்காமல், தெருவில் நடக்கிறவர் அப்படியே உள்ளே நடந்துவிடுகிற மாதிரி கட்டினார்களே, அதற்கு ஒரு கும்பிடு. பெரிய மியூசியங்களின் அகலமான படிக்கட்டுகளைக் கண்டு தயங்கி நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பிக்காசோவின் குவெர்னிகா இங்கே வந்ததாமே, உண்மையா?

உண்மை. நகல் இல்லை, மூல ஓவியமே. எனக்கு இந்த கேலரி மேல் பிடிப்பு வந்ததே இந்தக் கதையால்தான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், குடியரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஃபிராங்கோவின் தரப்புக்காக வந்த ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குவெர்னிகா என்ற ஊர் மேல் குண்டு போட்டன. சந்தை நாள் அது. சில வாரங்களில் பிக்காசோ கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் உள்ள அந்தக் கருப்பு வெள்ளை ஓவியத்தை முடித்தார். ஸ்பெயின் குடியரசுக்கு ஆதரவும் பணமும் திரட்ட ஓவியம் ஊர் ஊராகப் போனது. 1938 அக்டோபரில் லண்டனின் பணக்காரப் பகுதியான வெஸ்ட் எண்டில் ஒரு கேலரியில் வைத்தார்கள், அங்கே பெரிய கூட்டம் இல்லை. 1939 ஜனவரியில் வைட்சாப்பலுக்கு வந்தது. முதல் வாரத்திலேயே 15,000 பேர்.

நுழைவுக் கட்டணம் என்ன தெரியுமா? ஒரு ஜோடி பூட்ஸ். போர்முனையில் இருப்பவர்களுக்கு அனுப்பக்கூடிய நிலையில் உள்ள பூட்ஸாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொண்டுவந்த பூட்ஸை ஓவியத்தின் காலடியில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். திறந்துவைத்தவர் கிளெமென்ட் அட்லீ, பின்னாளில் பிரதமராகி, இந்திய விடுதலை நேரத்தில் அந்த நாற்காலியில் இருந்த அதே அட்லீ.

இது ஏன் வெஸ்ட் எண்டில் எடுபடாமல் இங்கே எடுபட்டது? இரண்டே வருடம் முன்பு, 1936 அக்டோபர் 4 அன்று, இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள கேபிள் தெருவில், மோஸ்லி என்ற அரசியல்வாதியின் கருஞ்சட்டைப் பாசிசவாதிகள் யூதர் குடியிருப்பு வழியாக ஊர்வலம் போக வந்தபோது, யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து தெருவை மறித்து நின்றார்கள். அந்த ஜனங்களுக்கு குவெர்னிகாவை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உருவங்களைத் துண்டு துண்டாக உடைத்து வரையும் கியூபிசம் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் அலறும் குதிரையையும் செத்த குழந்தையைத் தூக்கிப் பிடித்த தாயையும் பார்த்துவிட்டு வெளியே வந்திருப்பார்கள்.

இங்கிருந்து ஓவியம் மான்செஸ்டருக்குப் போய் ஒரு கார் ஷோரூமில் மாட்டப்பட்டது. இப்போது மாட்ரிட்டில் இருக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையின் வாசலில் குவெர்னிகாவைத் துணியில் நெய்த பெரிய திரைச்சீலை ஒன்று தொங்கும். 2003 பிப்ரவரியில் ஈராக் போருக்கு ஆதரவு தேடி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேசவந்த நாளில் அதை நீலத் துணியால் மூடியிருந்தார்கள். 2009இல் கோஷ்கா மக்குகா என்ற கலைஞர் அந்தத் திரைச்சீலையையே வைட்சாப்பலுக்கு வரவழைத்து, அதன் முன்னால் ஒரு வட்ட மேஜை போட்டு, யார் வேண்டுமானாலும் இங்கே கூட்டம் நடத்திக்கொள்ளலாம், இடம் இலவசம் என்று அறிவித்தார். ஒரு வருடம் ஓடியது. எந்தெந்தக் குழுக்களோ வந்து உட்கார்ந்து எதை எதையோ பேசினார்கள். ஒரு பஞ்சாயத்து மேஜையைக் கலைப் படைப்பு என்று சொல்லலாமா என்று என் நண்பர் கேட்டார். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேறு யாருடைய கண்காட்சிகள் நடந்திருக்கின்றன?

பட்டியல் நீளம், எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். பிரையன் ராபர்ட்சன் 1952 முதல் 1968 வரை இயக்குநராக இருந்த காலம்தான் பொற்காலம் என்பார்கள். 1956இல் 'திஸ் இஸ் டுமாரோ', ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் பன்னிரண்டு குழுக்களாகப் பிரிந்து செய்தது, விளம்பரம், சினிமா மாதிரியானவற்றையே கலையாக்குகிற பாப் ஆர்ட் என்று சொல்கிறார்களே அதன் பிரிட்டிஷ் வேர்களில் ஒன்று, திறப்பு விழாவுக்கு ஹாலிவுட் சினிமா ரோபோ ஒன்று வந்து நின்றது. 1958இல் சாயத்தைச் சொட்டவிட்டு வரைந்த அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக். 1965இல் அவர் மனைவி லீ கிராஸ்னர், கணவரின் நிழலில் மறைந்திருந்த அவரைத் தனி ஓவியராகப் பெரிதாக மாட்டிக் காட்டியது இங்கேதான். 1970இல் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி. 1982இல் மெக்சிகோ ஓவியர் ஃபிரீடா காலோ, புகைப்படக் கலைஞர் டீனா மொடோட்டி இருவரையும் சேர்த்து வைத்தார்கள். இன்று ஃபிரீடா முகம் போட்ட துணிப்பை தி. நகரில்கூடக் கிடைக்கும், அன்று இங்கிலாந்தில் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியாது.

நம் பக்கத்துக் கலை எதுவும் வந்ததா?

வந்திருக்கிறது, கேட்டால் நினைவில் நிற்பவை இரண்டு. 1988இல் வங்காளதேசத்தின் மஸ்லின் துணியையும் காந்தா தையலையும் வைத்து 'வோவன் ஏர்' என்று ஒரு கண்காட்சி. காந்தா என்றால் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் போர்வை. வெளியே தெருவில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த வங்காளதேசக் குடும்பங்களின் பாட்டிமார் கைவேலையைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டியது எனக்குச் சரியாகவே படுகிறது. நம் வீட்டுப் பரணிலும் அம்மாவின் பழைய நூல்சேலையைத் தைத்த போர்வை ஒன்று கிடக்கும், அதை யாரும் கலை என்று சொன்னதில்லை.

இரண்டாவது 2010இல் நடந்தது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் மூன்றின் 150 வருடப் புகைப்படக் கலை, 400க்கும் மேற்பட்ட படங்கள். வெள்ளைக்கார கேமராவுக்கு முன்னால் நாம் நிற்கிற படங்கள் நிறையப் பார்த்திருப்போம், இதில் கேமராவுக்குப் பின்னாலும் நம் ஆட்கள்தான்.

தமிழ் உண்டா என்றால், நான் போன நாட்களில் சுவரில் ஒரு தமிழ் எழுத்து கண்டதில்லை. குறைதான்.

அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் உள்ளே வருகிறார்களா, இல்லை வெளியூர்க்காரர்களுக்கான இடமா?

இது சங்கடமான கேள்வி, ஆனால் சரியான கேள்வி. இந்த டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் 2021 கணக்கெடுப்பின்படி 34.6 சதவீதம் பேர் வங்காளதேச வழியினர். சனிக்கிழமை மத்தியானம் கேலரிக்குள் நின்று எண்ணினால் அந்தக் கணக்கு கண்டிப்பாக வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வருகிறார்கள், சமூகக் குழுக்களோடு சேர்ந்து நிகழ்ச்சிகள் நடக்கின்றன, அதெல்லாம் உண்மை. ஆனால் பக்கத்துச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிற பெரியம்மா தானாக உள்ளே வந்து பார்ப்பது அபூர்வம்.

காரணம் கட்டணம் இல்லை, உள்ளே நுழையக் கட்டணமே கிடையாதே. 'இது நமக்கு இல்லை' என்ற எண்ணம்தான். இரண்டு தெரு தள்ளி வங்கிக் கோபுரங்கள், வாடகை ஏறிக்கொண்டே போகிறது, காபிக் கடை வந்தால் தையல் கடை போகிறது. கேலரியும் அந்த மாற்றத்தின் ஒரு பகுதி என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு என் பதில், நூறு வருடத்துக்கு மேல் அதே இடத்தில் காசு வாங்காமல் கதவைத் திறந்து வைத்திருக்கிற ஒரே கட்டடத்தை நாமே 'நமக்கு இல்லை' என்று விட்டுக்கொடுப்பானேன்?

பக்கத்திலிருந்த நூலகம் என்ன ஆயிற்று?

1892இல் திறந்த நூலகம் அது. யூத அகதிகளின் பிள்ளைகள் வீட்டில் விளக்கும் இடமும் இல்லாமல் இங்கே வந்துதான் படித்தார்கள், 'சேரியின் பல்கலைக்கழகம்' என்றே பெயர். ஐசக் ரோசன்பர்க், மார்க் கெர்ட்லர், டேவிட் பாம்பெர்க் என்று பின்னாளில் ஓவியர்களாகப் பெயரெடுத்த 'வைட்சாப்பல் பையன்கள்' கூட்டம் ஒன்று இங்கே சுற்றிக்கொண்டிருந்தது. கவிதை எழுதிப் படமும் வரைந்த ரோசன்பர்க் 1918 ஏப்ரல் 1 அன்று பிரான்சில் போர்முனையில் செத்துப்போனார், 27 வயது. அவருக்கு ஒரு நீல வட்டப் பலகை சுவரில் இருக்கிறது, போகும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். பிற்காலத்தில் அதே நூலகத்தில் வங்காளப் புத்தகங்கள் வந்தன.

2005இல் நூலகத்தை மூடி, தெருவின் அந்தக் கோடியில் 'ஐடியா ஸ்டோர்' என்ற புது நூலகத்தைத் திறந்தார்கள். பழைய கட்டடம் கேலரியோடு சேர்க்கப்பட்டு, 1.35 கோடி பவுண்டு செலவில் விரிவாக்கம் முடிந்து 2009இல் திறந்தது. கேலரிக்கு இடம் இரட்டிப்பு மாதிரி ஆனது. எனக்கு அது லாபமா நஷ்டமா என்று இன்னும் தீர்மானமில்லை. படம் பார்க்க வருகிறவர் ஒரு மணி நேரம் இருப்பார், நூலகத்துக்கு வருகிறவர் நாள் பூரா இருப்பார்.

எனக்கு மாடர்ன் ஆர்ட் புரியாதே, வந்து என்ன செய்ய?

புரிய வேண்டும் என்று யார் சொன்னது? நாதஸ்வரக் கச்சேரியில் ராகத்தின் பெயர் தெரியாமல்தானே பாதிப் பேர் தலையாட்டுகிறோம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத்தைப் படிக்காமல் ஒரு சுற்று. கால் எங்கே தானாக நிற்கிறதோ அங்கே நிற்பேன். நிற்காத இடத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன். இரண்டாவது சுற்றில் விளக்கம் படிப்பேன். பல சமயம் விளக்கம் படத்தைவிடப் புரியாமல் இருக்கும், அது உங்கள் குற்றமல்ல, எழுதினவர் குற்றம்.

எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 1961இல், பெரிய பெரிய நிறப் பரப்புகளையே வரைந்த ஓவியர் மார்க் ராத்கோவின் கண்காட்சி இங்கே நடந்தபோது அவர் கைப்பட யோசனைகள் அனுப்பினார். சுவர் பளீர் வெள்ளையாக இருக்கக் கூடாது, கொஞ்சம் சிவப்புக் கலந்து வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். விளக்கு பலமாக இருக்கக் கூடாது. பெரிய படங்களைத் தரையிலிருந்து சில அங்குல உயரத்திலேயே மாட்ட வேண்டும். ஏன் அப்படிக் கேட்டிருப்பார் என்று நானே ஒரு நாள் வேறு யாருடைய பெரிய படத்தின் முன்னாலோ தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே ஏறிப்போகிற நிறம், கீழே கால்வரை வருகிற நிறம். சாமி படம் மாதிரி அண்ணாந்து பார்ப்பதற்கும், ஒரு வாசலுக்குள் நுழைவதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் உறைத்தது. காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் சங்கடமாகுமா?

ஆகலாம். நிர்வாணம், ரத்தம், கெட்ட வார்த்தை எல்லாம் சில கண்காட்சிகளில் இருக்கும். பொதுவாக வாசலிலேயே எச்சரிக்கை எழுதியிருப்பார்கள். மாமனார் மாமியாரோடு போனால் அதை முதலில் நீங்கள் படித்துவிடுங்கள், அவ்வளவுதான் என் புத்திமதி.

குழந்தைகள்?

தாராளமாக. குடும்பங்களுக்கென்று வரைவது, ஒட்டுவது மாதிரி நிகழ்ச்சிகள் நடக்கும், தேதி பார்த்துப் போங்கள். தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் லிப்ட் இருக்கிறது. ஓடக் கூடாது, தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள், ஏனென்றால் சில படைப்புகள் தரையில் கிடக்கும், பெரியவர்களே மிதித்துவிடுகிற மாதிரி. நான் ஒருமுறை ஒரு கம்பிச் சுருளைத் தாண்டிக் கால்வைக்கப் போய் யாரோ தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். வேலைக்காரர்கள் விட்டுப்போனது என்று நினைத்தேன்.

போட்டோ எடுக்கலாமா?

பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கும் இடங்களைத் தவிர.

நானும் வரைகிறேன். என் படைப்பை அனுப்ப முடியுமா?

லண்டனில் இருக்கிற கலைஞர்களிடம் விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுக்கும் கண்காட்சி ஒன்று உண்டு, 'லண்டன் ஓபன்' என்று பெயர். சில வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும். இதன் வேர் 1932இல், 'ஈஸ்ட் எண்ட் அகாடமி' என்று, இந்தக் கிழக்குப் பகுதியில் இருப்பவர்களுக்காக ஆரம்பித்தது. போட்டி கடுமை, ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் இடம் என்பதால் ஒருமுறை வரவில்லை என்று தூரிகையைத் தூக்கி எறியாதீர்கள். விண்ணப்ப நிபந்தனைகள் ஒவ்வொரு முறையும் மாறும், அறிவிப்பு வந்ததும் நிதானமாகப் படியுங்கள்.

பார்த்து முடிந்ததும் பக்கத்தில் என்ன இருக்கிறது?

ஒரு மணி நேரத்தில் கேலரி முடிந்துவிடும், அதற்குப் பிறகுதான் அந்த நாளின் இரண்டாவது கண்காட்சி. கட்டடத்தை ஒட்டி ஏஞ்சல் ஆலி என்று ஒரு சந்து, அதற்குள் அரசே வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்டுகள் நெடுங்காலமாக நடத்தும் புத்தகக் கடை, 1886இல் ஆரம்பித்த பத்திரிகையின் வாரிசு. எதிர்ப்பக்கம் ஆல்தப் அலி பூங்கா. 1978 மே 4 அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வங்காளதேசத்து இளம் தையல் தொழிலாளி ஆல்தப் அலியை இனவெறியர்கள் இங்கே கொன்றார்கள், அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் ஊர்வலம் போனார்கள். டாக்காவின் மொழிப் போர்த் தியாகிகள் சின்னத்தின் சிறிய வடிவமும் அங்கே நிற்கிறது. மொழிக்காக உயிர் கொடுப்பது என்றால் என்ன என்று நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். வைட்சாப்பல் என்ற பெயருக்குக் காரணமான வெள்ளைத் தேவாலயமும் இதே இடத்தில்தான் இருந்தது, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து போயிற்று.

அப்புறம் ஆஸ்போர்ன் தெரு வழியாக பிரிக் லேன். அங்கே மூலையில் ஒரு மசூதி. 1743இல் பிரான்சிலிருந்து தப்பி வந்த ஹியூகனோ கிறிஸ்தவர்கள் கட்டிய தேவாலயம், 1819இல் மெத்தடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கையில், 1898இல் யூதர்களின் ஜெப ஆலயம், 1976 முதல் மசூதி. சுவரின் உச்சியில் முதல் ஆட்கள் வைத்த சூரியக் கடிகாரம் இன்னும் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஜாக் த ரிப்பர் என்ற பிடிபடாத கொலைகாரன் கொலை செய்த இடங்களைக் காட்டுகிறேன் என்று கூட்டம் கூட்டமாக அழைத்துப் போவார்கள், அவர்கள் போன பின் போங்கள், தெரு அமைதியாகிவிடும்.

பை, சாமான் எல்லாம் உள்ளே கொண்டு போகலாமா?

சின்னப் பை பரவாயில்லை. பெரிய பெட்டியோடு போகாதீர்கள். சந்தைக்குப் போவதாக இருந்தால் கேலரியை முடித்துவிட்டுப் போங்கள், இது நான் அனுபவத்தில் சொல்வது. என் அம்மா வந்திருந்தபோது வைட்சாப்பலில் இறங்கி நடந்தோம், தடுத்தும் கேட்காமல் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கிவிட்டார். ஒரு அறை பூராவும் நீளமான கம்பிகளும் குச்சிகளுமாக ஏதோ கண்காட்சி. நடுவில் அம்மா, தோள் பையிலிருந்து முக்கால் மீட்டருக்கு நீட்டிக்கொண்டிருக்கும் முருங்கைக்காய்களோடு. ஒரு இளம் ஜோடி அம்மாவையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்தது.

காவலர் வந்தார். தாடி வைத்த நடுத்தர வயது ஆள். வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நான் மன்னிப்புக்குத் தயாரானேன். அவர் பைக்குள் எட்டிப் பார்த்து "சொஜ்னா?" என்றார். அம்மாவுக்கு வங்காளம் தெரியாது, ஆனாலும் "ஆமாம், முருங்கைக்காய்" என்றார். எவ்வளவு என்று அவர் விரலால் கேட்க, அம்மா விரலாலேயே விலை சொல்ல, அவர் உதட்டைப் பிதுக்கி, எதிர்ப்பக்கம் மூன்றாவது கடையில் இன்னும் மலிவு என்று கையைக் காட்டினார். பிறகு பையைத் தோளில் போடாமல் முன்னால் அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.